விதிமுறைகளைப் படித்தவள் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்வி இணைப்பில் எம்.எட்., பிஎச்.டி. படிப்புகளைப் பற்றி அரைப் பக்கத்துக்குக் கட்டுரை வந்திருந்தது. நன்றாகத்தான் போனது, கடைசிப் பத்தி வரைக்கும். பட்டம் கிடைக்கத் தாமதமாகிறது என்றால் மாணவர்கள் விதிமுறைகளைப் படித்துப் பார்க்காததுதான் பெரும்பாலும் காரணம் என்று அங்கே ஒரு வரி. காபியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தரம் படித்தேன், பிறகு வாய்விட்டே ஏதோ சொல்லிவிட்டேன் போல. வீட்டுக்காரர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து எழுந்து வெளியே போய்விட்டார், பாவம்.

ஐயா, நான் படித்திருக்கிறேன். பிஎச்.டி.க்கென்று பல்கலைக்கழக மானியக் குழு போட்ட 2016 விதிமுறை, அதற்குப் பதிலாக வந்த 2022 விதிமுறை, கருத்துத் திருட்டுக்கென்றே போட்ட 2018 விதிமுறை, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களிடமும் ஒரு செட் இருக்கிறதா என்று உங்கள் கட்டுரையாளர் கேட்டாரா?

எம்.எட்.டில் இருந்தே சொல்கிறேன். 2015இல் ஓராண்டுப் படிப்பை இரண்டாண்டு ஆக்கினார்களே, அந்த முதல் பேட்ச் நான். தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டுச் சேரப் போனேன். முதலில் போன கல்லூரியில் என் மார்க் ஷீட்டைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "ரெகுலரா வருவீங்களா, இல்ல பரீட்சைக்கு மட்டுமா?" என்று கேட்டார்கள். வராமல் இருப்பதற்குத் தனி ரேட், அது வருவதற்கான ரேட்டைவிட அதிகம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதியிலோ ஆண்டுக்கு 200 வேலை நாள், 80 சதவீத வருகை கட்டாயம். 50 பேர் சேரும் ஒரு யூனிட்டுக்கு 10 ஆசிரியர்கள், அதில் 2 பேர் பேராசிரியராக இருக்க வேண்டும். கடைசியில் நான் சேர்ந்த வேறொரு கல்லூரியில் அந்தப் பத்துப் பேரையும் ஒன்றாகப் பார்த்தது ஒரே நாள்தான், இன்ஸ்பெக்‌ஷன் அன்று. அதில் ஒருவர் என்னிடம் வந்து, "லைப்ரரி எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். பிறகு பலகையைப் பார்த்தால் துறைத்தலைவர் இடத்தில் இருந்தது அவர் பெயர்.

இரண்டு வருடம், இரண்டு வருடச் சம்பளம் போச்சு. இப்போது மறுபடியும் ஓராண்டு எம்.எட். கொண்டுவரப் போகிறோம் என்று 2025 பிப்ரவரியில் வரைவு போட்டார்கள். எனக்கு அந்த ஒரு வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்? அதை விடுங்கள்.

2018இல் பகுதி நேரமாக பிஎச்.டி. பதிந்தேன். அதற்குள் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது, சனி ஞாயிறு எல்லாம் கோர்ஸ் ஒர்க், அதாவது பிஎச்.டி.க்கான பாட வகுப்புகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை தர வேண்டும். ஒருமுறை ஆய்வு வழிகாட்டியான கைடு ஊரில் இல்லாததால் கையெழுத்து வாங்க முடியாமல் ஒரே ஒரு நாள் பிந்திவிட்டது. அபராதம் கட்டி ரசீதைக் காட்டினால்தான் அறிக்கையை வாங்குவோம் என்றார்கள். கட்டினேன். விதி விதிதானே. ஆய்வேட்டை மென்பொருளில் போட்டுப் பார்த்தால் மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள், நியாயம்தான், ஏழுக்குக் கொண்டுவந்தேன். (எங்களுக்குக் கொடுத்த கோர்ஸ் ஒர்க் பாடத்திட்டத்தை அதே மென்பொருளில் போட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.) இதற்கு நடுவில் 2020 மார்ச்சில் உயர்கல்விக்கான ஊக்க ஊதிய உயர்வையும் அரசு நிறுத்தியது. இனி எதற்கம்மா இந்தப் படிப்பு என்று தலைமையாசிரியர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் விடவும் மனசு வரவில்லை.

2022 டிசம்பரில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு முழுவதும் முடிய வேண்டும் என்று 2016 விதியிலும் இருக்கிறது, 2022 விதியிலும் இருக்கிறது. உங்கள் கட்டுரையாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருந்திருக்க மாட்டார். ஏழாவது மாதம் போய்க் கேட்டேன், ஒரு தேர்வாளரின் ரிப்போர்ட் வந்துவிட்டது, இன்னொருவருடையது வரவில்லை என்றார்கள். ஒன்பதாவது மாதமும் அதே பதில். பதினோராவது மாதம் செக்‌ஷனில் இருந்த ஒரு புண்ணியவதி, நான் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல், இரும்பு அலமாரியைத் திறந்து தேடினார். சணல் கயிற்றில் கட்டிய நாலைந்து ஆய்வேடுகளுக்கு நடுவில் என்னுடைய மெரூன் ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்தில் என் பெயர். இரண்டாவது தேர்வாளருக்கு அதை அனுப்பவே இல்லை. அந்தம்மா என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கே அனுப்பிடறேங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த செக்‌ஷனில் ஐந்து பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கிறார்கள், அதில் ஒருவர் தற்காலிகம். ஆனால் நான் பிந்திய ஒரு நாளுக்கு அபராதம் வாங்கிய இடத்தில், அவர்கள் பிந்திய இத்தனை மாதத்துக்கு யாரிடம் ரசீது கேட்பது?

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, 2024 மார்ச்சில் நடந்தது. பிராவிஷனல் என்று தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தார்கள். பட்டம்? தகுதி பெற வேண்டிய தேதியிலிருந்து 180 நாளுக்குள் பட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று மானியக் குழுவே 2008இல் விதி போட்டிருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் விஷயம்தான் உங்களுக்குத் தெரியுமே. துணைவேந்தரை நியமிப்பது மாநில அரசா ஆளுநரா என்று ஒரு சண்டை, துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகங்களில் கன்வீனர் கமிட்டி ஆட்சி. அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது, அதனால் அமலுக்கு வந்த சட்டத் திருத்தங்களுக்கு மே மாதம் உயர் நீதிமன்றத்தில் தடையும் வந்தது. இதையெல்லாம் நாள் தவறாமல் முதல் பக்கத்தில் போட்டீர்கள். கோட்டை சொன்னதும் ஆளுநர் மாளிகை சொன்னதும் எங்களுக்கு மனப்பாடம். நடுவில் பட்டத்துக்குக் காத்திருந்தவர்களைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்ததாக எனக்கு நினைவில்லை, வந்திருந்தால் மன்னிக்கவும்.

வைவா முடிந்து பதினேழாவது மாதம் பட்டமளிப்பு விழா. அங்கி வாடகை, புகைப்படம் என்று தனித்தனியாக வாங்கினார்கள். சரி, வாழ்நாளில் ஒருமுறைதானே என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். சான்றிதழின் தமிழ்ப் பக்கத்தை விரலால் தொட்டு வாசித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். "அப்பா பேருக்கு சு தானே வரணும்?" அங்கே 'ச.' என்று இருந்தது. ஒரு கொக்கி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய நோட்டரி கையெழுத்தோடு உறுதிமொழிப் பத்திரம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகல், கூடவே திருத்தக் கட்டணம். தட்டச்சுப் பிழை அவர்களுடையது, கட்டணம் என்னுடையது. அது எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டதற்கு, "மேடம், ரொம்பப் படிச்சவங்க இப்படித்தான் கேப்பாங்க" என்று சிரித்தார் ஒருவர். விதிமுறையைப் படித்தால் கிடைக்கும் மரியாதை இதுதான் ஐயா.

உண்மைத்தன்மைச் சான்று கதையை ஆரம்பித்தால் உங்கள் பக்கம் போதாது. ஒரு பல்கலைக்கழகம் தானே கொடுத்த பட்டத்தைத் தானே கொடுத்தது என்று சொல்வதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று எந்த ஆசிரியரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த வரிக்கு வருத்தம் தெரிவிக்கச் சொல்லவும் மாட்டேன், கட்டுரையாளர் சின்னப் பிள்ளையாக இருக்கலாம். பட்டமளிப்பு விழா என்றால் இத்தனை ஆயிரம் பேர் பட்டம் பெற்றார்கள், இத்தனை தங்கப் பதக்கம், சிறப்பு விருந்தினர் இப்படிப் பேசினார் என்று போடுகிறீர்கள் அல்லவா? அதோடு, அவர்களெல்லாம் எந்த வருடம் தேறியவர்கள் என்று இனிமேல் ஒரே ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். நிருபர் கேட்டால் அதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
விழுப்புரம் மாவட்டம்.

(பெயர் போட வேண்டாம். என் 'சு' இன்னும் அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறது.)