'எக்ஸ் பார்ட்டி'க்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள்

மதிப்பிற்குரிய நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

சட்டத்தில் லத்தீன் ஏன் இருக்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் அம்மா மேல் ஒரு சிவில் வழக்கு இருந்தது. உடம்பு முடியாமல் ஒரு வாய்தாவுக்கு அவரால் போக முடியவில்லை. அப்புறம் 'எக்ஸ் பார்ட்டி' என்ற லத்தீன் சொல்லைப் போட்ட உத்தரவு வந்தது. முன்னாள் மந்திரியை எக்ஸ் மினிஸ்டர் என்கிறோமே, அந்த மாதிரி தன்னை வழக்கிலிருந்து விடுவித்துவிட்டார்கள் என்று நினைத்து, நிம்மதியாகத் தாளை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லியாயிற்று என்பது தெரிந்தபோது, அதை ரத்து செய்யக் கேட்கும் கெடு முடிந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனியாக ஒரு மனு, அதற்கு வேறு மாதக்கணக்கில் அலைச்சல். "உத்தரவைப் படித்துப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார்கள். படித்துத்தான் பார்த்தார், அந்த ஒரு சொல்தான் புரியவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். கட்சிக்காரர் கைக்குப் போகும் உத்தரவில் லத்தீன் சொல் இருந்தால், அதன் கீழேயே எளிய மொழியில் ஒரு வரி எழுதுங்கள்: என்ன நடந்திருக்கிறது, இனி அவர் என்ன செய்யலாம், எத்தனை நாளுக்குள்.

'ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்', அதாவது மறுதரப்பையும் கேள் என்பது நீங்கள் போற்றும் கோட்பாடு. அந்த மறுதரப்புக்குப் புரியாத மொழியில் எழுதிவிட்டு அவரைக் கேட்டோம் என்று எப்படிச் சொல்வது? சட்டம் தெரியாது என்பதும் சாக்காகாது என்கிறீர்கள், அதையும் லத்தீனில்தான் சொல்கிறீர்கள். 'இன் கேமரா' என்றால் கேமரா வைத்துப் பதிவு செய்வார்கள் என்று பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூடிய அறையில் விசாரணை என்றால் அவர்கள் தைரியமாகப் பேசியிருப்பார்கள்.

துல்லியம் போய்விடும் என்பீர்கள். இங்கிலாந்து நீதிமன்றங்களே 1733இல் ஆவணங்களில் லத்தீனை விட்டு ஆங்கிலத்துக்கு வந்தன, 1999இல் நடைமுறைக்கு வந்த சிவில் விதிகளில் 'எக்ஸ் பார்ட்டி'யை விட்டு 'அறிவிப்பின்றி' என்று சாதாரண ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஹேபியஸ் கார்பஸை நாம் ஆட்கொணர்வு மனு என்கிறோம், ஆளைக் கொண்டுவரச் சொல்லும் மனு என்று கேட்டவுடனே தெரிகிறது, அதனால் அதன் வலிமை குறைந்தா போயிற்று?

உங்கள் வாதங்களிலும் தீர்ப்புரைகளிலும் லத்தீன் இருந்துவிட்டுப் போகட்டும், அதை எடுக்கச் சொல்லவில்லை. எங்கள் கைக்கு வரும் தாளில் மட்டும் அந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்சிக்காரரின் மகள்