கண்ணாடியைக் கழற்றுவது பற்றி மாலதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரங்கள் ஆகிவிட்டன. தாமதத்துக்குச் சோம்பல் காரணமில்லை. ‘நீ லேசர் செய்துகொண்டாயே, நானும் மகளும் செய்துகொள்ளலாமா?’ என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். ஆனால் அதற்கான பதில் உங்கள் இருவருக்கும் வேறுவேறாக இருப்பதால், என்னுடைய பழைய பரிசோதனைக் காகிதங்களை எல்லாம் தேடி எடுத்து வைத்துக்கொண்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு வேண்டாம், மகளுக்கு இப்போது வேண்டாம். அவளைப் பற்றி அவசரமாகச் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

கண்ணுக்குள் வரும் ஒளியை வளைக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது உள்ளே இருக்கும் வில்லை என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். அதைச் செய்வது முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடி போலக் கவிந்திருக்கும் கருவிழிப் படலம். அதன் நடுப்பகுதியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். என்னைப் போன்ற கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கண் கோளம் நீண்டிருப்பதால், ஒளி விழித்திரைக்கு வந்து சேரும் முன்பே குவிந்துவிடுகிறது. படலத்தின் நடுவைச் சற்றுத் தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னே நகரும். தூரப்பார்வைக்கு ஓரங்களைச் செதுக்கி நடுவை மேடாக்குகிறார்கள். படலத்தின் வளைவு திசைக்குத் திசை வேறுபடும் சிதறல் பார்வைக்கு ஒரு திசையில் கூடுதலாகச் செதுக்குகிறார்கள். லேசர் சிகிச்சை எந்தப் பெயரில் வந்தாலும் அது செய்வது இவ்வளவுதான்.

ஆகவே இது முழுக்க முழுக்க ஒரு கழித்தல் கணக்கு. ஆறு மில்லிமீட்டர் விட்டமுள்ள பரப்பில் ஒரு டயாப்டர் (கண்ணாடி பவரை அளக்கும் அலகு) பவரைக் குறைக்கச் சுமார் 12 மைக்ரான் திசு போக வேண்டும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வளராது. என் பவர் மைனஸ் 6.5 என்பது உனக்குத் தெரியும். பள்ளியில் என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவள் ஆயிற்றே நீ. அதற்கு 78 மைக்ரான் வேண்டும். லேசிக் முறையில் முதலில் ஃபெம்டோசெகண்ட் லேசரால் படலத்தின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய மடலை வெட்டி, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போல ஒரு பக்கமாகத் திருப்பி, அடியில் எக்சைமர் என்ற புற ஊதா லேசரால் செதுக்கிவிட்டு, மடலைப் பழையபடி மூடுவார்கள். (மடல் எழுதும்போது மடலைப் பற்றியே எழுத நேர்ந்திருக்கிறது!) அந்த மடலின் தடிமன் என் கணக்கில் 110 மைக்ரான். மூடிய பிறகு மடல் ஒட்டிக்கொண்டாலும் கண்ணின் உறுதிக்கு அதனால் பெரிய பயனில்லை. அடியில் மிஞ்சும் திசுதான் கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். என் படலம் இயல்பிலேயே மெலிந்தது, 470 மைக்ரான்தான். அதில் 110-ஐயும் 78-ஐயும் கழித்தால் 282. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது நெடுநாளைய வழக்கம், 300 இருந்தால் நிம்மதி என்பார்கள். ‘விதிப்படி செய்யலாம், ஆனால் மொத்தத் தடிமனில் நாற்பது சதவீதத்தில் கை வைக்கிறோம், நான் செய்ய மாட்டேன்’ என்றார் மருத்துவர். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரிடம் கண்ணை ஒப்படைத்தேன்.

அவர் நான் பார்த்த இரண்டாவது மருத்துவர். முதலில் போன இடத்தின் பெயர் எதற்கு? அங்கே நான் காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிய கால் மணி நேரத்தில் என்னை இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார்கள், எத்தனை நாளாக லென்ஸ் போடுகிறேன் என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, ‘நாளை மறுநாளே செய்துவிடலாம்’ என்று தேதியும் குறித்தார்கள். காண்டாக்ட் லென்ஸ் படலத்தை அழுத்தி அழுத்தி அதன் வடிவத்தையே சற்று மாற்றிவிடும் என்பதும், மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரங்களும் கடினமான லென்ஸ் என்றால் அதைவிட அதிக நாட்களும் போடாமல் இருந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. இரண்டு வாரம் கழித்து எடுத்த அளவில் என் சிலிண்டர் பவரின், அதாவது சிதறல் பார்வைக்கான பவரின், அச்சு வேறாக இருந்தது. முதல் அளவை நம்பிச் செதுக்கியிருந்தால் கோணல் கண்ணாடியை நிரந்தரமாகப் பொருத்திக்கொண்டது போல ஆகியிருக்கும். ‘எந்த இயந்திரம் புதியது?’ என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் உன்னைக் கேட்கச் சொல்வது, ‘என்னை எப்படி அளந்தீர்கள்?’ என்பதைத்தான்.

நீ விளம்பரத்தில் பார்த்ததாக எழுதியிருந்த ஸ்மைல் முறையில் மடலே கிடையாது. ஃபெம்டோசெகண்ட் லேசர் படலத்தின் உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வெட்டித் தருகிறது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சிறு கீறல் வழியாக மருத்துவர் அதைப் பிடித்து வெளியே இழுத்துவிடுகிறார். லேசிக் மடலின் சுற்றளவு இருபது மில்லிமீட்டர் அளவுக்கு வரும் என்பதால், இதில் வெட்டுப்படும் நரம்புகள் குறைவு, கண் வறட்சியும் சற்றுக் குறைவு. கிட்டப்பார்வைக்கும் அதனுடன் சேர்ந்த சிதறல் பார்வைக்கும்தான் இது பெரும்பாலும் பயன்படுகிறது.

எனக்குச் செய்தது பிஆர்கே. மூன்றிலும் மூத்தது இதுதான். அமெரிக்காவில் 1995-இலேயே அனுமதி பெற்றுவிட்டது. படலத்தின் மேல் தோலை, அதாவது சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள செல் அடுக்கை, ஒரு ஆல்கஹால் கரைசலால் தளர்த்தி மெல்ல வழித்தெடுத்துவிட்டு, வெளிப்படும் பரப்பிலேயே நேராக லேசரைச் செலுத்துகிறார்கள். வழித்த தோல் சில நாட்களில் தானாக வளர்ந்து மூடிவிடும். மடலுக்கென்று ஆழமாக வெட்டாததால் எனக்கு அடியில் 342 மைக்ரான் மிஞ்சியது. விலை என்னவென்றால் வலி.

மேசையில் படுத்ததும் சொட்டு மருந்தில் கண் மரத்துவிட்டது, இமைகள் மூடாதபடி ஒரு கம்பி வளையத்தைப் பொருத்தினார்கள். மேலே தெரியும் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். தோலை வழித்தபோது அந்தப் புள்ளி தண்ணீரில் விழுந்த விளக்கு போலக் கரைந்து பரவியது. பிறகு ‘டக் டக் டக்’ என்று வேகமான ஓசை, கூடவே முடி பொசுங்கும் வாடை. ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு மருந்தில் நனைத்த ஒரு சிறு பஞ்சைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார்கள். பவர் அதிகமானவர்களுக்குப் படலத்தில் மங்கல் தங்காமல் இருக்க மைட்டோமைசின் என்ற அந்த மருந்து உதவுமாம். கட்டுப் போடுவதற்குப் பதிலாகப் பவர் இல்லாத ஒரு காண்டாக்ட் லென்ஸை வைத்து அனுப்பிவிட்டார்கள். அன்று இரவிலிருந்து இரண்டரை நாட்கள், வெங்காயம் நறுக்கிய கையால் கண்ணைத் தேய்த்ததைப் போன்ற எரிச்சல். சன்னலுக்குப் போர்வை மாட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நான்காம் நாள் அந்த லென்ஸை எடுத்தார்கள். உலகம் உடனே பளிச்சென்று தெரிந்துவிடவில்லை. காலையில் தெளிவாகவும் மாலையில் மங்கலாகவும் ஆறு வாரங்கள் ஆட்டம் காட்டிய பிறகுதான் பார்வை நிலைத்தது. லேசிக், ஸ்மைல் செய்துகொண்டவர்கள் இரண்டு நாளில் வேலைக்குப் போய்விடுகிறார்கள், அது பெரிய வசதிதான்.

வாடையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பயந்துபோய் மறுநாள் அதைக் கேட்டபோது, இது சுட்டெரிக்கும் லேசர் இல்லை என்று விளக்கினார்கள். 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர் மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துத் திசுவை ஆவியாக்கிவிடுகிறது. பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவுவதில்லை. இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா சென்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1981 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று அதன்மேல் இந்த லேசரைச் செலுத்தியிருக்கிறார். வெட்டு சுத்தமாக விழுந்திருக்கிறது, கருகவில்லை. அவரும் உடன் பணியாற்றிய வின், பிளம் ஆகியோரும் கண்ட இந்த உண்மையை அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டீபன் டிரோகல் என்ற கண் மருத்துவர் கருவிழிப் படலத்துக்குக் கொண்டுபோனார். ஒரு தலைமுடியின்மேல் இந்த லேசரால் வரிசையாகக் காடி வெட்டியிருக்கும் நுண்ணோக்கிப் படம் ஒன்று உண்டு, பார்த்தாயானால் உனக்கும் என்னைப் போல வியப்பாக இருக்கும்.

இப்போது என் நிலை. தூரத்துப் பலகை, பேருந்து எண், கூரை மூலையில் இருக்கும் ஒட்டடை வரை எல்லாம் கண்ணாடி இல்லாமல் தெரிகிறது. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் இருக்கிறது. இருட்டில் பாவை விரியும்போது செதுக்காத ஓரத்தின் வழியாகவும் ஒளி வருவதால் அப்படியாம். முதல் சில மாதங்களைவிடக் குறைந்துவிட்டது, முற்றிலும் போகவில்லை. வறட்சிக்குச் சொட்டு மருந்து பையில் எப்போதும் உண்டு. இவற்றோடு சமாதானமாகிவிட்டேன். நான் எதிர்பாராதது வெள்ளெழுத்து. எதிர்பாராதது என்று சொல்வதுகூடச் சரியில்லை, முன்பே சொல்லித்தான் செய்தார்கள், என் காதில்தான் ஏறவில்லை. முன்பெல்லாம் கண்ணாடியைக் கழற்றி மருந்துச் சீட்டைக் கண்ணருகே பிடித்தால் எறும்பு எழுத்தும் தெரியும். இப்போது ஊசியில் நூல் கோக்கப் படிக்கும் கண்ணாடி வேண்டியிருக்கிறது. நாற்பதைத் தாண்டியதும் உள்ளே இருக்கும் வில்லை இறுகிப்போவதால் வரும் குறை இது. கருவிழியைச் செதுக்கி அதைத் தடுக்க முடியாது.

உனக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். உன் பவர் இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.5. கண்ணாடி இல்லாத கண்ணுக்குத் தெளிவு நாற்பது சென்டிமீட்டரில் அமையும் என்பது இதன் பொருள், அதாவது நீ புத்தகம் பிடிக்கும் தூரம். நாள் முழுவதும் மெய்ப்புத் திருத்தும் உனக்கு இயற்கையே படிக்கும் கண்ணாடியைக் கண்ணுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறது. அதைச் செதுக்கித் தள்ளிவிட்டுத் தூரத்துக்குப் பார்வை வாங்கினால், மறுமாதமே படிப்பதற்கு வேறு கண்ணாடி வாங்குவாய். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் சரிசெய்யும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆசை விடவில்லை என்றால், ஒரு கண்ணில் மட்டும் காண்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில வாரங்கள் மெய்ப்புப் பார்த்துவிட்டு முடிவு செய். எனக்கு அது தலைவலியைத்தான் கொடுத்தது.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பது வயதில் மூன்று ஆண்டுகளாக ஏறிக்கொண்டே போகும் பவரை இன்று செதுக்கினால், ஏறுவது அதனால் நின்றுவிடாது. செதுக்கிய கண்ணிலேயே மீண்டும் ஏறும். ஓராண்டில் அரை டயாப்டருக்குமேல் மாறாத நிலை வரட்டும். கூடைப்பந்து ஆடுகிறவள் என்பதால் அப்போதும் மடல் இல்லாத முறையைத்தான் நான் கேட்கச் சொல்வேன். முகத்தில் பலமாக அடிபட்டால் பல ஆண்டுகள் கழித்தும் மடல் இடம்பெயரக்கூடும். படலம் மெலிதாக இருந்தால், எதையும் செதுக்காமல் கண்ணுக்குள் ஒரு கூடுதல் வில்லையை வைக்கும் ஐசிஎல் இருக்கிறது.

ஆனால் உன் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. அவளுடைய சிலிண்டர் பவர் 0.75-லிருந்து 1.5-க்குப் போயிருக்கிறது என்றும், எப்போது பார்த்தாலும் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள் என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தாய். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் கெரட்டோகோனஸ் இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. கருவிழிப் படலம் மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய் அது, பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். அந்தக் கண்ணில் லேசிக் செய்தால் கெடுதல் கூடும். வெறும் ஒவ்வாமை அரிப்பாகவே இருக்கலாம், பயப்படாதே. ஆனால் பவர் பார்க்கும் சாதாரணச் சோதனையில் இது தொடக்கத்தில் பிடிபடாமல் போகலாம். படலத்தின் மேடுபள்ளங்களை வண்ணத்தில் வரைந்து காட்டும் டோப்போகிராஃபி எடுக்க வேண்டும். வலியில்லை, சில நிமிட வேலை. சீக்கிரம் கண்டுபிடித்தால் ரைபோஃபிளேவின் சொட்டையும் புற ஊதாக் கதிரையும் கொண்டு படலத்தை இறுக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையால் பெரும்பாலும் மேலும் மோசமாகாமல் நிறுத்திவிடுகிறார்கள். போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போ. அவள் காண்டாக்ட் லென்ஸ் போடுகிறாள் என்றால் எப்போது கழற்ற வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்.

என் காகிதங்களைத் தேடியபோதுதான் நினைவு வந்தது, எனக்கும் இந்த மாதம் விழித்திரைப் பரிசோதனை இருக்கிறது. கண்ணாடி போய்விட்டாலும் கண் கோளத்தின் நீளம் அப்படியேதான் இருக்கிறது, ஆகையால் விழித்திரை விலகும் அபாயமும் பழையபடியே. செதுக்குவதற்கு முந்தைய அளவுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், நாளைக்குக் கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் வில்லையின் பவரைக் கணக்கிட அவை உதவும்.

வரைபடம் எடுத்ததும் அதன் நகலை எனக்கு அனுப்பு. படித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, என் மருத்துவரிடம் காட்டுகிறேன். அதுவரை அவள் கண்ணைத் தேய்க்கும்போதெல்லாம் கையைத் தட்டிவிடு.

அன்புடன்,
கமலா