பவர் ஸ்டியரிங் சத்தத்துக்குத் தேவையில்லாமல் பம்ப் மாற்றியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
பிக்கப் உரிமையாளர்,
காரவள்ளி, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: உங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் தவறாக மாற்றிய பவர் ஸ்டியரிங் பம்ப்புக்கான பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

உங்கள் கம்பெனியின் பிக்கப்பைச் சொந்தமாக வைத்து நானே ஓட்டிப் பிழைக்கிறேன். அன்னாசி, பலா, வாழைத்தார், மிளகு மூட்டை என்று கொல்லிமலையில் அந்தந்தப் பருவத்துக்கு என்ன விளைகிறதோ அதைக் கீழே இறக்குவதுதான் தொழில். காரவள்ளியில் இருந்து சோளக்காடு ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் பவர் ஸ்டியரிங் சொகுசுக்காக இல்லை. பாரத்தோடு இறங்கும்போது வளைவின் நடுவில் ஸ்டியரிங் கனத்தால் என்ன ஆகும் என்று வண்டி செய்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன மழைக்காலத்தில் சத்தம் ஆரம்பித்தது. குளிர்ந்த காலையில் வண்டியை எடுத்ததும் முன்பக்கம் ‘உய்ங்’ என்று ஒரு ஓசை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கூடவே ஏறும், விட்டால் இறங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முனகும். எஞ்சின் சூடானதும் கொஞ்சம் அடங்கும். இதையெல்லாம் சர்வீஸ் அட்வைசரிடம் விளக்கமாகச் சொன்னேன். வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் ‘ஸ்டியரிங் நாய்ஸ்’ என்பதோடு முடித்துக்கொண்டார்.

முதலில் பவர் ஸ்டியரிங் பம்ப்பைச் சுற்றும் பெல்ட்டை இறுக்கினார்கள். பெல்ட் வழுக்கினால் வருவது கீச்சென்ற சத்தம். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சட்டென்று கிளம்பும், ஓடுகிற பெல்ட்டில் துளி தண்ணீர் தெளித்தாலே மாறும். என் வண்டியில் இருந்தது அது இல்லை. அப்புறம், “கடைசி வரை ஒடித்தால் எல்லா வண்டியிலும் சத்தம் வரும் சார்” என்றார்கள். சரி, அது உண்மைதான். முழுக்க ஒடித்துப் பிடித்தால் ஆயில் அழுத்தம் ஏறி, அதைத் தணிக்கிற ரிலீஃப் வால்வு திறக்கும், ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். ஆனால் என் வண்டி சக்கரம் நேராக இருக்கும்போதே கத்தியது. கடைசியில், ஆயிலை அழுத்தத்தோடு அனுப்பி ஸ்டியரிங்கை லேசாக்கும் பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டி, புதுசு மாட்டி, கூலியோடு ரூ. 18,400 வாங்கினார்கள். பழைய பம்ப்பைக் கேட்டேன். “ஸ்கிராப்புக்குப் போய்விட்டது” என்றார்கள். என் காசில் வாங்கிய வண்டியின் சாமான், என்னைக் கேட்காமலே ஸ்கிராப்!

சத்தம் ஒரு வாரம்கூட அடங்கி இருக்கவில்லை. திரும்பக் கொண்டுபோனால், அடுத்ததாக ஸ்டியரிங் பாக்ஸை இறக்க வேண்டும் என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். “ஹோஸைப் பார்த்தீர்களா?” என்று கேட்டதற்கு, “எங்கேயும் ஆயில் கசியவில்லை, ஹோஸ் நன்றாக இருக்கிறது” என்று பதில் வந்தது. என் புகாரின் மையமே இந்தப் பதில்தான்.

நாமக்கல்லில் லாரி வேலை பார்த்தே தலை நரைத்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே ஆயில் தெளிவாக இல்லை. ஆற்றிய டீ மாதிரி நுரைத்துக் கிடந்தது. நுரை என்றால் ஆயிலோடு காற்று கலக்கிறது, அந்தக் காற்றுக் குமிழிகள் பம்ப்புக்குள் அழுத்தத்தில் நசுங்கும்போதுதான் அந்த ‘உய்ங்’ என்றார். டப்பாவில் இருந்து பம்ப்புக்குப் போகிற தடித்த ஹோஸைத் துணியால் துடைத்து, கிளாம்ப் இருக்கும் இடத்தில் கொஞ்சம் ஆயிலை ஊற்றினார். சத்தம் அப்படியே நின்றது. ஊற்றிய ஆயில் உள்ளே போனதும் மறுபடி ஆரம்பித்தது.

அந்த ஹோஸ் பம்ப் உறிஞ்சுகிற பக்கம். எஞ்சின் ஓடும்போது அங்கே வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. அதனால் ஓட்டை இருந்தாலும் ஆயில் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கசிவு இல்லை என்பதால் ஹோஸ் நல்லது என்று சொன்னது எவ்வளவு பெரிய தப்பு பாருங்கள். கழற்றியபோது ஹோஸின் வாய் ரப்பர் விறைத்து வெடித்திருந்தது. புது பம்ப் மாட்டிய உங்கள் ஆட்கள் அதே ஹோஸை, அதே கிளாம்ப்பை வைத்தே திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். டப்பாவுக்குள் இருக்கும் சல்லடையில் கருப்புப் படிவு பாதியை அடைத்திருந்தது. அதையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது அந்த அடைப்பு வழியாக இழுக்கப் பம்ப் இன்னும் திணறும். காலையில் சத்தம் அதிகம் என்று நான் சொன்னதை எழுதியிருந்தாலே துப்பு கிடைத்திருக்கும்.

ஹோஸும் கிளாம்ப்பும் மாற்றி, டப்பாவைக் கழுவி, பவர் ஸ்டியரிங்குக்கான புது ஆயில் (ஏ.டி.எஃப்.) ஊற்றினார். முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டியரிங்கை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் மெதுவாகத் திருப்பித் திருப்பி, மட்டம் இறங்க இறங்க ஊற்றிக் காற்றை எடுத்தார். மொத்தச் செலவு ரூ. 1,650. இன்று வரை சத்தம் இல்லை.

பம்ப்புக்கும் கூலிக்கும் வாங்கிய ரூ. 18,400-ஐ முழுதாகத் திருப்பித் தர வேண்டும். பழைய பம்ப்பை எந்தச் சோதனை செய்து கெட்டது என்று முடிவு செய்தார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். ஜாப் கார்டில் ‘ஆயில் டாப்-அப்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆயில், எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். காற்றையும் அழுக்கையும் இழுத்தபடி ஓடிய புது பம்ப் சீக்கிரம் பழுதானால் அதற்கான வாரண்டியை மறுக்க மாட்டோம் என்ற உறுதியும் வேண்டும்.

30 நாளுக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும், நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் செய்வேன். ‘கமர்ஷியல் வண்டி’ என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுபவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு, இரண்டு பில்களின் நகல்கள், வெடித்த ஹோஸின் புகைப்படங்கள். ஹோஸ் என்னிடமே இருக்கிறது. நேரில் வந்தால் காட்டுகிறேன், தர மாட்டேன்.