அண்ணனுக்குப் பொருத்த முடியாத சிறுநீரகம்

அன்புள்ள சேகர்,

அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆகிவிட்டதைப் படித்ததும் மனசு என்னவோ போலாகிவிட்டது. ஆய்வகத்தில் சிறுநீரகம் வளர்க்கிறார்களாமே, அவருக்குப் பொருத்தலாமா என்று கேட்டிருந்தாய். முடியாதுடா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து அவர்கள் வளர்ப்பது ஒரு சின்னத் துணுக்கு, பெயர் ஆர்கனாய்டு. இரத்தத்தை வடிகட்டும் நுண் அலகான நெஃப்ரானின் பாகங்கள் அதில் உண்டு. ஆனால் பிரிந்த சிறுநீர் வெளியேற வழி கிடையாது, முதிர்ச்சியும் கருவிலிருக்கும் பிள்ளையின் சிறுநீரகம் அளவுக்குத்தான்.

ஆனாலும் சிறுநீரகத்தில் நீர் நிரம்பிய கட்டிகள் வரும் உங்கள் குடும்பத்து நீர்க்கட்டி நோய்க்கும் அந்தத் துணுக்குக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. இந்த நோய் மரபணுப் பழுதால் வருவது. எலிக்கு அந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் பெரிதாகக் கட்டி வருவதில்லை. இரண்டும் பழுதானால் கருவிலேயே செத்துவிடுகிறது. அதனால்தான் மனிதத் திசு தேவைப்பட்டது. 2015-ல் ஃப்ரீட்மன், பான்வென்ட்ரே என்ற ஆய்வாளர்களின் குழுவினர் மனித ஸ்டெம் செல்லில் இந்த நோய்க்குக் காரணமான பிகேடி1 அல்லது பிகேடி2 மரபணுவைக் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு முடக்கி, அதிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்தார்கள். சிலவற்றின் நுண்குழாய்களில் நிஜமாகவே கட்டி வந்தது.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2017-ல் வந்த அடுத்த ஆய்வுதான். சியாட்டிலில் ஃப்ரீட்மன் குழு, தட்டின் அடியில் ஒட்டி வளர்ந்த துணுக்குகளைப் பெயர்த்துத் திரவத்தில் மிதக்கவிட்டது. அவ்வளவுதான் செய்தார்கள், கட்டி வருவது பத்து மடங்கு கூடியது. வெந்த ஜவ்வரிசி மாதிரிக் கண்ணாடியாய் உப்பி, சில ஒரு சென்டிமீட்டர் வரை போயின. மரபணுப் பழுது அதேதான், மாறியது சுற்றுப்புறம் மட்டும். உன் அண்ணனுக்கு 52-லேயே டயாலிசிஸ், அதே நோயுள்ள சித்தப்பா 70 வரை நடமாடினார். அதற்கு இதுவே விடை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழுது ஒன்றே முழுத் தலையெழுத்தையும் எழுதுவதில்லை என்று எனக்குப் படுகிறது.

அதே ஆய்வில் செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைச் சேர்த்தபோது பழுதில்லாத துணுக்கிலும் கட்டி வந்தது. டாக்டர் பேச்சுவாக்கில் சொன்ன டோல்வாப்டன் மாத்திரை சிறுநீரகத்தில் குறைக்கப் பார்ப்பது இதைத்தான். கட்டி வளர்வதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. குடித்த தண்ணீரெல்லாம் உடனே வெளியே போகும், கல்லீரலையும் அடிக்கடி சோதிக்க வேண்டும். அண்ணனுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

இனி யோசிக்க வேண்டியது அவர் மகனைப் பற்றி. அவனுக்கும் இந்த நோய் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. "எனக்கு ஒன்றுமில்லை மாமா" என்று போனில் சிரிக்கிறான். பிபியை மட்டுமாவது பார்த்துக்கொள்ளச் சொல். ஸ்கேன் எடுப்பதை அவனே டாக்டரோடு பேசி முடிவு செய்யட்டும். நான் சொன்னால் கேட்க மாட்டான், நீ சொன்னால் கேட்பான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் அவளைக் கொண்டுவிட வரும்போது அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகிறேன். டயாலிசிஸ் இல்லாத நாள் எது என்று எழுது.

அன்புடன்,
ரங்கன்