சோஸில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் என் அம்மா அப்பாவுக்குக் கல்யாணமாகி 40 வருடம் நிறைந்தது. தோஹாவில் ஒரு ஸ்டேக் ஹவுஸில் கிரில் அடுப்பில் நிற்கிறான் என் தம்பி. “நான் தினமும் என்ன சமைக்கிறேன்னு அப்பா ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பார்க்கணும் அக்கா” என்று சொல்லி, காசையும் அனுப்பிவிட்டான். அவன் ஆசைக்காக நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலின் ஸ்டேக் உணவகத்துக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் வீட்டு வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார். அப்பா வெளியில் சாப்பிடுவார், ஆனால் அம்மாவுக்காக வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. மலையகத்தில் இப்படி ஒரே குடும்பத்தில் இரண்டு வழக்கம் இருப்பது புதிதல்ல.

வெளியே மூடுபனி. உள்ளே விறகு எரியும் கணப்பு, வெள்ளை மேசைவிரிப்பு, பல் வைத்த கத்தி. அம்மா தன் கைகளை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார். 31 வருடம் கொழுந்து பறித்த கை. தேயிலைக் கறை விரல் ரேகைகளில் இன்னும் இருக்கிறது.

மெனு முழுக்க ஆங்கிலம். டெண்டர்லோயின், சர்லோயின், ரிப் ஐ என்று பெயர்கள். எந்த மிருகத்தின் இறைச்சி என்று பெயரிலிருந்து தெரியவில்லை. நான் ஆசிரியை, ஆங்கிலம் வாசிப்பேன். எனக்கே விளங்கவில்லை என்றால் அம்மாவுக்கு எப்படி விளங்கும்? வந்த வெயிட்டர் ஆங்கிலத்தில் பேசினார், அப்பா தடுமாறியதும் சிங்களத்துக்கு மாறினார். அவர் சட்டையில் குத்தியிருந்ததோ தமிழ்ப் பெயர்.

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தேன். ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் நின்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னான். டெண்டர்லோயின் முதுகெலும்பின் உள்பக்கம் ஒட்டிக் கிடக்கும் தசை. மாடு நடக்கும்போது அதற்கு வேலை குறைவு, அதனால்தான் அவ்வளவு மெது. ரிப் ஐ விலாப் பக்கம், கொழுப்பு ஊடே ஓடும். மீடியம் என்றால் நடுவில் 60 பாகை செல்சியஸ் அளவில் சூடு ஏறி உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். வெட்டும்போது வருகிற சிவப்பு நீர் இரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம்தான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. அடுப்பிலிருந்து எடுத்ததும் ஐந்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும், உடனே வெட்டினால் சாறெல்லாம் தட்டுக்குப் போய்விடும். தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா அந்த இடத்தில் தலையாட்டினார். “கொழுந்தை வாட்டாம ரோலர்ல போட்டா சாறு ஒழுகுமே, அது மாதிரி” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் வேலையும் அப்பா வேலையும் ஒரே மேசையில் சந்தித்ததுபோல் இருந்தது.

அப்பாவுக்கு டெண்டர்லோயின் சொன்னோம். அம்மாவுக்குக் கோழி, மிளகு சோஸோடு. வெயிட்டர் எழுதிக்கொண்டார். பிறகு சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் குனிந்தார்.

“அம்மா, மாடு சாப்பிடுவீங்களா?”

அம்மா இல்லை என்றார்.

“அப்ப அந்த சோஸ் வேணாம்மா. மாட்டெலும்பு அவிச்ச தண்ணியிலதான் செய்றாங்க. கோழியைத் தனிச் சட்டியில சுடச் சொல்றேன்.”

அந்த மூன்று வாக்கியத்தையும் ரகசியமாகத்தான் சொன்னார். விருந்தினரிடம் ஆங்கிலம் பேச வேண்டும், முடியாவிட்டால் சிங்களம், தமிழ் பேசினால் மேலே இருப்பவர்கள் கண்டிப்பார்கள் என்று பிறகு வாசல் வரை வந்தபோது சொன்னார். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அம்மா அதைச் சாப்பிட்டிருப்பார். தெரிந்த பிறகு எத்தனை நாள் அழுதிருப்பார் என்பது எனக்குத்தான் தெரியும்.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அப்பாவின் தட்டில் இறைச்சி வெண்ணெயாக வெட்டுப்பட்டது. அம்மாவின் கோழியும் அருமை. சமைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள், அதையும் முழுதாகக் கட்டினோம். அன்று எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய சேவை அந்த வெயிட்டர் தம்பி பயந்து பயந்து சொன்ன மூன்று வாக்கியம்தான்.

இந்த ஊருக்கு ஸ்டேக் புதிதல்ல. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து மாடும் விதையும் ஆட்களுமாக நுவரெலியாவில் குடியேற வந்தார். அவருக்குப் பின்னால் வந்த துரைமார் பங்களாக்களில் என் தாத்தாவைப் போன்றவர்கள் குசினி அடுப்பை ஊதினார்கள். மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சரி, அது அரச அலுவலகங்களுக்கு, தனியார் ஹோட்டலுக்குக் கட்டாயமில்லை என்பார்கள். இருக்கட்டும். நான் கேட்பது சட்டத்தை வைத்து அல்ல. மெனுவுக்குள் தமிழில் ஒரு தாள் வையுங்கள். எது மாடு, எது பன்றி, எந்த சோஸில் எந்த எலும்புச் சாறு என்று அதில் இருந்தால் போதும். முஸ்லிம் சகோதரர்களுக்கும் பௌத்த வீடுகளில் மாடு சாப்பிடாதவர்களுக்கும் அதே விபரத்தைச் சிங்களத்திலும் கொடுங்கள். தமிழ் தெரிந்த பிள்ளைகளைத் தமிழ்க் குடும்பங்களோடு தமிழில் பேச விடுங்கள். இதற்குப் பெரிய செலவு ஏதும் இல்லை.

ஹோட்டலின் பெயரையும் நாங்கள் போன தேதியையும் நான் எழுதவில்லை. அந்த வெயிட்டர் தம்பிக்கு ஒரு வில்லங்கமும் வரக்கூடாது. அவருக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பார், அவர் சம்பளத்தை எதிர்பார்த்துக்கொண்டு.

டிசம்பரில் என் தம்பி லீவில் வருகிறான். நாலு பேரும் அதே இடத்துக்குப் போக இருக்கிறோம். அதற்குள் அந்தத் தாள் மெனுவுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
தலவாக்கலை.