கம்பர் நிறுத்திய இடத்தில் தொடங்கும் சீதை

நாகர்கோவில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோய்க் கிடக்கிறது. ஆகவே வாசிக்க நேரம் இருக்கிறது. தாரா புக்ஸ் 2011இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சீதாஸ் ராமாயணா' என்ற சித்திர நாவலை மகள் சென்னையிலிருந்து வாங்கி வந்தாள். எழுதியவர் சம்ஹிதா ஆர்னி. வரைந்தவர் மோய்னா சித்ரகார் என்னும் வங்காளத்துப் பட்டுவா ஓவியர்.

நம் ஊர்த் தோல்பாவைக்கூத்து பட்டாபிஷேகத்தோடு நிறைவுறும். கம்பரும் முடிசூட்டோடு நிறுத்திக்கொண்டார். உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பெயரில் ஒதுக்கி வைத்துவிட்டு நாமும் நிம்மதியாக இருக்கிறோம். இந்நூலோ அந்த ஒதுக்கிய இடத்திலேயே தொடங்குகிறது. கருவுற்ற நிலையில் தண்டகவனத்தில் தனித்து விடப்பட்ட சீதை, அடைக்கலம் கேட்டு அந்தக் காட்டிடமே தன் கதையைச் சொல்கிறாள். அவளுக்கு நேரப்போவது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், பின்னால் வரும் இலங்கை வெற்றியைக்கூட என்னால் மகிழ்ந்து வாசிக்க முடியவில்லை.

போரைச் சொல்லும் பக்கங்களில்தான் நெடுநேரம் நின்றேன். சீதை அசோகவனத்தில் இருக்கிறாள். களத்தில் நடப்பதை அரக்கர் குலத்துப் பெண்ணான திரிசடை சொல்லித்தான் அறிகிறாள். கம்பனில் ஆறுதல் சொல்பவளாகவே நாம் அறிந்த திரிசடை, தன் குலம் அழிவதைத் தன் வாயாலேயே எடுத்துரைக்க வேண்டியவள் என்பது இத்தனை வயதுக்குப் பிறகு இப்போதுதான் எனக்கு உறைத்தது. தாரை, மண்டோதரி ஆகியோரின் துயரத்துக்கும் சீதை இங்கே செவிகொடுக்கிறாள்.

ஓவியங்கள் தடித்த கறுப்புக் கோட்டுக்குள் அடர்வண்ணம் அப்பியவை. முகத்தில் கண்கள்தாம் முதலில் தெரிகின்றன. பட்டுவாக்கள் சுருளை விரித்து, ஒவ்வொரு கட்டமாக விரலால் தொட்டுக்காட்டிப் பாடுகிறவர்கள். பாட்டுக்கென்று பிறந்த சித்திரத்தைப் பக்கங்களாக நறுக்கி, ஓரத்தில் சிறு சிறு ஆங்கில வாக்கியங்களை வைத்திருப்பது சில இடங்களில் எனக்குப் போதவில்லை. தோல்பாவைக்கூத்தின் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் எட்டிப் பார்க்காத ராமாயணம் நம் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் உப்புக் குறைவாகத்தான் இருக்கும் (இது என் ஊர்ப்பாசம் என்று நீ சொல்லலாம்).

கம்பனை நீ யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் புத்தகத்தை அடுத்த வாரம் தபாலில் அனுப்புகிறேன். திரிசடையைப் பற்றி நான் நினைப்பது சரிதானா என்று படித்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்