ரெண்டாவது லைன் பற்றி நீ கேட்டதற்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோசம். மூக்கு உன்னுடையது என்கிறாய், பாவம் பிள்ளை.

மகள் இனி கல்முனையில் வீட்டிலிருந்தே வேலை செய்யப் போகிறாள், ரெண்டாவது இன்டர்நெட் லைன் எடுக்கவா என்று கேட்டிருந்தாய். எடு. ஆனால் நான் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டு எடு.

2024 கார்த்திகை வெள்ளத்தோடு எங்கள் ஒழுங்கையில் தென்னை மட்டை விழுந்து, இன்டர்நெட் வரும் பைபர் வயர் அறுந்தது. திருத்த ஆறு நாள். இளையவன் ஜன்னல் கட்டில் போனை வைத்து ஹொட்ஸ்பொட்டில் காலம் தள்ளினான். தை மாதமே வேறொரு கம்பனியின் சிம் போட்ட 4ஜி ரவுட்டர் வாங்கிவிட்டேன். இனி என்ன கவலை என்று திரிந்தேன். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாட்டையே இருட்டாக்கிய ஞாயிறு, மெல்பேர்ன் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ரெண்டும் சேர்ந்து அவிந்தன. ரெண்டு பெட்டியும் ஒரே பிளக்கில்! மனுசி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிறகுதான் விசயம் விளங்கியது. பைபரில் போவது வெளிச்சம். அதைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிட கம்பத்தில் தொங்கும் பிரிப்பான் பெட்டிக்குக்கூட கரண்ட் தேவையில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் ஓடினால், நம் வீட்டுப் பெட்டிக்கு உயிர் இருந்தால் போதும். அநேகமானவை 12 வோல்ட்டில் ஓடுபவை. உள்ளங்கை அளவு மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனதும் கைகொடுக்கும் பற்றரிப் பெட்டி, ஒன்றே சில மணித்தியாலம் தாங்கும். 4ஜி அப்படியில்லை. டவரின் பற்றரி இறங்கினால் அதுவும் போச்சு. அதற்கு முன்பே, கரண்ட் இல்லாத ஊர் முழுக்கப் போனை நோண்டுவதால் வேகம் ஆமையாகிவிடும். ஆகவே கரண்ட் போனால் பைபர், வயர் அறுந்தால் 4ஜி. நான் இதைத் தலைகீழாக நினைத்திருந்தேன்.

தானாக லைன் மாற்றும் ரவுட்டர் ஒன்றையும் இளையவன் பூட்டினான். ஒருநாள் பைபரின் பச்சை லைட் எரிகிறது, இன்டர்நெட் இல்லை, பெட்டியும் மாறுவதாக இல்லை. பார்த்தால், அது வயர் பூட்டியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது வெளியே கூகிளின் 8.8.8.8 என்ற முகவரியைத் தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் மாறச் சொல்லி வைத்திருக்கிறான். மாறும்போது வீடியோ கோல் ஒருமுறை அறும், மகளிடம் சொல்லிவை. கணினியின் அப்டேட்டையும் 4ஜியில் நிறுத்தச் சொல், இல்லாவிட்டால் ஒரே இரவில் டேட்டா தீரும்.

சிம் வாங்க முன், அதே கம்பனி சிம் போட்ட பக்கத்து வீட்டுக்காரரின் போனை வாங்கி, இரவு எட்டு மணிக்கு உன் வீட்டு நடு அறையில் வேகத்தைப் பார். கடைக்காரன் சொல்வதை நம்பாதே.

உன் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று படம் எடுத்து அனுப்பு. அதற்குத் தோதான யூபிஎஸ்ஸோடு அடுத்த சனிக்கிழமை வருகிறேன். ஒரு சட்டி எருமைத் தயிர் எடுத்து வை, பேரனையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
உன் மச்சான்